அடுப்புப் புகையும் குழந்தையின் வளர்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விறகு, வறட்டி, கரி, காய்ந்த பயிர்த்தட்டை, மண்ணெண்ணெய். இவற்றில் ஏதாவது ஒன்றை எரித்துத்தான் உலகில் சுமார் 210 கோடிப் பேர் இன்றும் சமைக்கிறார்கள். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். குழந்தையின் எடையையும் உயரத்தையும்கூட அது பாதிக்குமா? ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. கடந்த சில ஆண்டுகளில் வந்த ஆய்வு முடிவுகள் பலருடைய எதிர்பார்ப்பைப் பொய்யாக்கியிருக்கின்றன. அதையும் சேர்த்தே பேசுவோம்.

புகையில் அப்படி என்னதான் இருக்கிறது?

விறகு முழுதாக எரிந்துபோனால் கரியமில வாயுவும் நீராவியும் சாம்பலும்தான் மிஞ்ச வேண்டும். வீட்டு அடுப்பில் அது நடப்பதில்லை. சூடும் காற்றும் போதாமல் அரைகுறையாக எரிந்து வெளியே வருவதுதான் புகை. அதில் கார்பன் மோனாக்சைடு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு, பென்சோபைரீன் என்று நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்திருக்கின்றன.

ஆய்வாளர்கள் முக்கியமாக அளப்பது நுண்துகளை. 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ள துகள்கள் இவை. நம் தலைமுடியின் தடிமனே 50 முதல் 70 மைக்ரான் வரை இருக்கும் என்றால் இவை எவ்வளவு பொடி என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நேராக நுரையீரலின் அடி வரைக்கும் போய்விடும். ஒரு கன மீட்டர் காற்றில் இந்தத் துகள் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2021-ல் உலக சுகாதார நிறுவனம் வரம்பு வகுத்தது. காற்றோட்டமில்லாத வீட்டில் திறந்த அடுப்பு எரியும்போது, ஏற்கத்தக்க அளவைப்போல 100 மடங்கு வரை துகள் சேரலாம் என்பதும் அதே நிறுவனம் சொல்வதுதான்.

கண் எரியவில்லை, ஆகவே காற்று சுத்தமாகத்தான் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

பெரியவர்களும் அதே காற்றைத்தானே சுவாசிக்கிறார்கள். குழந்தைக்கு மட்டும் என்ன தனி ஆபத்து?

பெரியவர் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். பிறந்த குழந்தைக்கு அது 30 முதல் 60 வரை. உடல் எடையோடு வைத்துப் பார்த்தால் குழந்தைதான் அதிகக் காற்றை, அதாவது அதிகப் புகையை, உள்ளே இழுக்கிறது. மூச்சுக்குழாயும் குறுகலானது. பெரியவருக்கு லேசான இருமலோடு போகும் வீக்கம், குழந்தைக்குப் பாதி வழியையே அடைத்துவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம், நுரையீரல் அப்போது இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. காற்றறைகளில் பெரும்பகுதி பிறந்த பிறகு, முதல் 2, 3 ஆண்டுகளில்தான் உருவாகிறது. கைக்குழந்தை எங்கே இருக்கும்? சமைப்பவரின் இடுப்பில், முதுகில், அல்லது அவர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில். அதனால் அடுப்புக்கு மிக அருகில் அதிக நேரம் இருப்பவர்களில் குழந்தை இரண்டாவது ஆள்.

"வளர்ச்சி குன்றியது" என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? எங்கள் குடும்பத்தில் எல்லோருமே குட்டைதானே?

இது நியாயமான சந்தேகம். பெற்றோரின் உயரம் பிள்ளைக்கு வருவது உண்மைதான். ஆனால் 5 வயது வரைக்கும் அதன் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலுக்காக பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில் குழந்தைகளை அளந்தார்கள். தாய்ப்பால் குடித்து, நல்ல கவனிப்பில் வளர்ந்த குழந்தைகள் அவர்கள். எந்த நாடாக இருந்தாலும் அவர்களின் உயரம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஏறியது. அந்தக் கணக்கெடுப்பில் சேர ஒரு நிபந்தனையும் இருந்தது: தாய் புகைபிடிக்காதவராக இருக்க வேண்டும். புகை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதை அளவுகோல் செய்தவர்களே அப்போது கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

அந்த அளவுகோலில் வயதுக்குரிய நடு உயரத்திலிருந்து 2 திட்ட விலக்கத்துக்கு (நடு அளவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அளக்கும் புள்ளியியல் அலகு) மேல் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றியது என்று பொருள். 2024-ல் உலகில் 5 வயதுக்குட்பட்டோரில் சுமார் 15 கோடிக் குழந்தைகள் இந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். உயரம் மட்டும்தான் பிரச்சினை என்றால் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. உயரம் நின்றுபோன அதே நாள்களில் மூளையும் நோய் எதிர்ப்பும் வளர வேண்டியிருக்கிறது, அதுதான் கவலை.

நெஞ்சுக்குள் போகும் புகை, உயரத்தை எப்படித் தடுக்கும்?

மூன்று வழிகளைச் சொல்கிறார்கள். மூன்றுக்கும் சம அளவு ஆதாரம் இல்லை.

முதல் வழி கருவிலேயே தொடங்குகிறது. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், கார்பன் மோனாக்சைடைக் கண்டால் அதை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். தாய் அடுப்படியில் சுவாசிக்கும் வாயு நஞ்சுக்கொடியைத் தாண்டி கருவின் இரத்தத்துக்கும் போகிறது. அங்கே போனது சீக்கிரம் வெளியேறுவதும் இல்லை. ஆக, சிசுவுக்குக் கிடைக்க வேண்டிய ஆக்சிஜன் குறைகிறது. நுண்துகளும் சும்மா இருப்பதில்லை. 2019-ல் பெல்ஜியத்தில் நடந்த ஓர் ஆய்வில், நஞ்சுக்கொடியில் கரு இருக்கும் பக்கத்திலேயே கரித்துகள்களைக் கண்டார்கள். அது அடுப்புப் புகை அல்ல, வெளிக்காற்றிலிருந்து வந்தது. தாய் சுவாசிக்கும் துகள் அவ்வளவு தூரம் போக முடியும் என்பது அதிலிருந்து தெரிந்தது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் வந்த ஒரு கணக்கு, புகையடுப்பு வீடுகளில் பிறக்கும் குழந்தைகளின் எடை சராசரியாக 95 கிராம் அளவுக்குக் குறைவு என்றது. எடை குறைந்து, 2,500 கிராமுக்குக் கீழே பிறக்கும் குழந்தை பின்னால் உயரத்திலும் பின்தங்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது வழி, அடிக்கடி வரும் சளியும் நிமோனியாவும். தாய்மார்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காய்ச்சல் வந்தால் பிள்ளை சாப்பிடாது. சாப்பிட்ட கொஞ்சமும் காய்ச்சலோடு போராடவே சரியாகிவிடும். எலும்பு வளர மிச்சம் எதுவும் இருக்காது. ஒருமுறை வந்து போனால் பரவாயில்லை, பின்னால் நன்றாகச் சாப்பிட்டு ஈடுகட்டிவிடும். ஈடுகட்டுவதற்குள் அடுத்தது வந்துவிட்டால்தான் வளர்ச்சிக் கோடு கீழே இறங்கத் தொடங்கும்.

மூன்றாவது வழி, வெளியே நோயாகத் தெரியாத அழற்சி. துகள்கள் நுரையீரலில் தங்குவதால் உடம்பு எப்போதும் ஏதோ தொற்றை எதிர்ப்பதுபோல இருக்கும். அந்த நிலையில் வளர்ச்சிக்குச் சமிக்ஞை தரும் சுரப்புகள் மந்தமாகின்றன என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அடுப்புப் புகையில் இதற்கான நேரடி ஆதாரம் முதல் இரண்டு அளவுக்குச் சேரவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

அப்படியானால் கேஸ் அடுப்புக்கு மாறினால் குழந்தை உயரமாக வளருமா?

எல்லோரும் "ஆமாம்" என்ற பதிலைத்தான் எதிர்பார்த்தார்கள். காரணம் இருக்கிறது. புகையடுப்பு வீட்டுக் குழந்தைகளையும் கேஸ் அடுப்பு வீட்டுக் குழந்தைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பல ஆய்வுகளில், புகை வீட்டுக் குழந்தைகளிடையே வளர்ச்சிக் குறைவு அதிகமாகவே இருந்தது. ஆனால் விறகில் சமைக்கும் வீட்டில் வருமானமும் குறைவு, சாப்பாடும் குறைவு, சுத்தமான தண்ணீரும் குறைவு. உயரம் குறைந்ததற்குப் புகை காரணமா, வறுமை காரணமா? கணக்குப் போட்டு ஓரளவு பிரிக்கலாம், முழுதாகப் பிரிக்க முடியாது.

அதைப் பிரித்துப் பார்க்கத்தான் ஹேப்பின் என்ற பெரிய சோதனையை நடத்தினார்கள். இந்தியா, கவுதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய 4 நாடுகளில் 3,200 கர்ப்பிணிகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் 18 மாதத்துக்கு இலவச எரிவாயுவும் கொடுத்தார்கள். மீதிப் பேர் பழையபடி விறகிலேயே சமைத்தார்கள். அடுப்பைப் பெயருக்கு வாங்கி மூலையில் வைக்கும் கதையும் இல்லை. கேஸ் கிடைத்தவர்கள் கிட்டத்தட்ட முழுதாக அதற்கே மாறினார்கள். கர்ப்ப காலத்தில் அவர்கள் சுவாசித்த நுண்துகளின் நடு அளவு, விறகுக்காரர்களுக்கு 70 மைக்ரோகிராமாக இருந்தபோது இவர்களுக்கு 24-தான்.

முடிவு? பிறப்பு எடை கேஸ் வீடுகளில் சராசரி 2,921 கிராம், விறகு வீடுகளில் 2,898 கிராம். அதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஒரு வயதில் வளர்ச்சி குன்றியவர்கள் கேஸ் பக்கம் 27.4 சதவீதம், விறகு பக்கம் 25.2 சதவீதம். கேஸ் பக்கம் கூடிவிட்டது என்று பதற வேண்டாம். புள்ளியியல்படி இரண்டும் ஒன்றுதான். நிமோனியாவிலும் தெளிவான குறைவு இல்லை. கானாவில் 1,400-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்த இன்னொரு சோதனையும் பிறப்பு எடை, நிமோனியா இரண்டிலும் ஏறக்குறைய இதே முடிவைத்தான் சொன்னது.

ஏன் இப்படி? 24 என்பதும் 5 என்ற வரம்பைவிடப் பல மடங்கு அதிகம், இன்னும் இறங்கியிருக்க வேண்டும் என்பது ஒரு வாதம். கர்ப்பத்தின் 9-வது வாரத்துக்கும் 20-வது வாரத்துக்கும் இடையில்தான் அந்தப் பெண்களைச் சேர்த்தார்கள். நஞ்சுக்கொடி உருவாகும் ஆரம்ப வாரங்கள் அதற்குள் போய்விட்டன என்பது இன்னொன்று. மூன்றாவது எளிமையானது: சாப்பாடும் நோயும் தண்ணீரும் மாறாமல் அடுப்பு மட்டும் மாறினால் உயரம் அசையாது. எனக்கு மூன்றாவதுதான் அதிகம் சரியென்று படுகிறது. முதல் இரண்டையும் தள்ளிவிடவும் முடியாது.

பிறகு எதற்கு மாற வேண்டும்?

உயரத்துக்காக மட்டும் என்றால், மாறுங்கள் என்று அடித்துச் சொல்ல இன்றைக்கு ஆதாரம் போதாது. ஆனால் உயரம் ஒன்றே காரணம் அல்லவே.

வீட்டுப் புகையால் 2020-ல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அதில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் அதிகமானோர் 5 வயது நிரம்பாதவர்கள். பெரியவர்களைப் பொறுத்தவரை மாரடைப்பு, பக்கவாதம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, நுரையீரல் புற்றுநோய், கண்புரை என்று பட்டியல் நீளம். சமைக்கும் தாய் நோயில் விழுந்தால் அந்த வீட்டுக் குழந்தையின் வளர்ச்சி என்ன ஆகும் என்று தனியாக ஆய்வு செய்யத் தேவையில்லை.

கிர்க் ஸ்மித் என்ற ஆய்வாளர் 1980-களின் தொடக்கத்திலிருந்து 2020-ல் இறக்கும் வரை அடுப்படிப் புகையை அளப்பதையே வேலையாக வைத்திருந்தவர். கவுதமாலாவில் 500-க்கும் மேற்பட்ட வீடுகளைச் சேர்த்து, ஏறக்குறைய பாதி வீடுகளுக்குப் புகைபோக்கி வைத்த அடுப்பைக் கொடுத்துப் பார்த்தார். மொத்த நிமோனியாவில் உறுதியாகச் சொல்லும்படி குறைவில்லை. ஆனால் ஆக்சிஜன் இறங்கும் அளவுக்குப் போகும் தீவிர நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உயிரை எடுப்பது அந்த வகைதான்.

புகை குறைந்த விறகு அடுப்பு என்று விற்கிறார்களே, அது போதாதா?

"புகையில்லா அடுப்பு" என்று பெயர் வைத்தவர்கள் பல நேரம் பெயரில்தான் புகையை ஒழித்திருக்கிறார்கள். விறகு மிச்சமாகும், சமையல் சீக்கிரம் முடியும், தீக்காயம் குறையும். இவையெல்லாம் நல்லதுதான். மலாவியில் 10,000-க்கும் அதிகமான குழந்தைகளை வைத்து, விசிறி பொருத்திய நல்ல விறகு அடுப்பைக் கொடுத்து நடந்த சோதனையின் முடிவு 2017-ல் வந்தது. நிமோனியா குறையவில்லை. குப்பை எரிப்பது, பக்கத்து வீட்டு அடுப்பு, புகையிலை என்று மற்ற புகைகள் அப்படியே இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு சிக்கல், புது அடுப்பு வந்த பிறகும் பழைய அடுப்பு எரிந்துகொண்டிருப்பது. காலையில் கேஸ், தண்ணீர் காய்ச்ச விறகு, விருந்தாளி வந்தால் இரண்டும். நுண்துகள் கணக்கில், கொஞ்ச நேரம் விறகு எரிந்தாலும் மற்ற வேளைகளில் மிச்சப்படுத்தியதில் ஒரு பகுதி போய்விடும்.

இப்போதைக்கு அடுப்பை மாற்ற வழியில்லை. என்ன செய்யலாம்?

முதலில் குழந்தையை நகர்த்துங்கள். செலவில்லாத வழி இதுதான், பலன் உடனே தெரிவதும் இதில்தான். அடுப்பு எரியும் நேரத்தில் குழந்தையை வேறொருவர் வேறு அறையிலோ வெளியிலோ வைத்துக்கொள்ளட்டும். வேறு ஆள் இல்லாத வீட்டில் இது லேசான காரியமில்லை என்பது தெரியும். அப்படியென்றால் அடுப்பையாவது நகர்த்தலாம்: மழையில்லாத நாள்களில் வெளியிலோ கூரை மட்டும் போட்ட திறந்த இடத்திலோ சமைப்பது.

உள்ளேதான் சமைக்க வேண்டுமென்றால், எதிரெதிராக இரண்டு திறப்புகள் வேண்டும். ஒரு ஜன்னல் மட்டும் இருந்தால் காற்று உள்ளே சுற்றுமே தவிர சரியாக வெளியேறாது. புகை மேலே ஏறுவதால் கூரையை ஒட்டி ஒரு திறப்பு இருந்தால் நல்லது. புகைபோக்கி வைத்தால் கூரைக்கு மேலே நன்றாக உயர்த்தி வையுங்கள், கரி அடையாமல் அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். கட்டும்போது இருக்கும் அக்கறை ஒரு வருடம் கழித்து இருப்பதில்லை.

ஈர விறகு எரியாது, புகையும். நன்றாகக் காய்ந்த, சின்னதாகப் பிளந்த விறகு புகையைக் கணிசமாகக் குறைக்கும். பாத்திரத்தை மூடிச் சமைப்பதும் பிரஷர் குக்கரும் அடுப்பு எரியும் நேரத்தையே குறைத்துவிடும். சமையல் முடிந்ததும் மீதிக் கொள்ளி கனன்றுகொண்டு கிடக்காமல் அணைத்துவிடுங்கள். பிளாஸ்டிக், சாயம் பூசிய மரம், ரப்பர் இவற்றை ஒருபோதும் அடுப்பில் போட வேண்டாம், பற்றவைப்பதற்குக்கூட.

குடிநீரைக் காய்ச்சுவதை மட்டும் புகைக்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். வேறு வழியில் சுத்திகரிக்க முடிந்தால் சரி. இல்லையென்றால் வயிற்றுப்போக்கும் குழந்தையின் வளர்ச்சியைக் குறைக்கும்.

மண்ணெண்ணெய் அடுப்பு பரவாயில்லையா?

இல்லை. பார்வைக்குப் புகை குறைவாகத் தெரிந்தாலும் நுண்துகள் அதிகம். தீ விபத்து, குழந்தை எடுத்துக் குடித்துவிடும் ஆபத்து இரண்டும் கூடவே வரும். வீட்டு எரிபொருளாக மண்ணெண்ணெயை ஊக்குவிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது.

எங்கள் வீட்டில் கேஸ் அடுப்புதான். இந்தப் பேச்சு எங்களுக்கு எதற்கு?

விறகோடு ஒப்பிட்டால் நீங்கள் எவ்வளவோ மேல். ஆனாலும் கேஸ் சுடரில் நைட்ரஜன் டை ஆக்சைடு வரும். அது ஏற்கெனவே இளைப்பு உள்ள குழந்தைக்கு ஆகாது. எண்ணெயில் பொரிக்கும்போதும் நிறைய நுண்துகள் எழும், அது எந்த அடுப்பாக இருந்தாலும் சரி. சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். மின்சாரம் நிலையாகக் கிடைத்தால் இண்டக்‌ஷன் அடுப்பில் எரிபொருள் புகையே கிடையாது.

அப்புறம், அடுப்பைத் தவிர வேறு புகைகளும் இருக்கின்றன. மூடிய அறையில் ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் அளவுக்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு சொன்னது. குழந்தை தூங்கும் அறைக்குக் கொசுவலைதான் நல்லது. சிகரெட், பீடி பற்றிச் சொல்லவே வேண்டாம். வாசலில் நின்று பிடித்தாலும் துணியோடு கொஞ்சம் உள்ளே வரும்.

நாள் முழுக்கப் புகையில் நிற்கிறேன். தாய்ப்பால் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுங்கள். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு மற்ற உணவோடு 2 வயதோ அதற்கு மேலோ வரை. புகை வீட்டுக் குழந்தைக்குத் தொற்றை எதிர்க்கும் பலம் இன்னும் அதிகமாகத் தேவை, அது தாய்ப்பாலில்தான் கிடைக்கிறது. அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

குழந்தைக்கு முகக்கவசம் போட்டுவிடலாமா?

வேண்டாம். 2 வயதுக்குக் கீழே மூச்சுத் திணறும் ஆபத்து உண்டு. ஈரத்துணி கட்டுவதால் நுண்துகளும் நிற்காது, கார்பன் மோனாக்சைடும் நிற்காது.

வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது?

ஒரு நாள் எடுத்த ஒரே அளவை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். தடுப்பூசி போடப் போகும்போதெல்லாம் எடையையும் நீளத்தையும் அளந்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கோடு எங்கே இருக்கிறது என்பதைவிட எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பாருங்கள். கீழ்க்கோட்டை ஒட்டியே சீராக ஏறும் குழந்தையைவிட, நடுக்கோட்டிலிருந்து நழுவி இறங்கும் குழந்தையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். 2 வயது வரை படுக்கவைத்தும் அதன் பிறகு நிற்கவைத்தும் அளப்பார்கள். நின்றால் சுமார் 0.7 சென்டிமீட்டர் குறைவாகத்தான் காட்டும். "போன தடவையைவிடக் குறைந்துவிட்டதே" என்று அலறும் பெற்றோர் உண்டு.

எப்போது உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்?

குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குக் கீழே 60 அல்லது அதற்கு மேல், 2 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50 அல்லது மேல், ஒரு வயதிலிருந்து 5 வயதுக்குள் 40 அல்லது மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. அன்றைக்கே காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால், பால் குடிக்க முடியாமல் போனால், உதடு நீலம் பாய்ந்தால், எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

மூடிய அறையில் கரி எரிந்த பிறகு வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டோருக்குத் தலைவலி, வாந்தி, மயக்கம் என்றால் அது கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். எல்லோரையும் முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் ஆம்புலன்ஸை அழையுங்கள். மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது: வீட்டில் எதில் சமைக்கிறீர்கள், அடுப்பு எங்கே இருக்கிறது, சமைக்கும்போது குழந்தை எங்கே இருக்கும். பெரும்பாலான இடங்களில் அவர்களாக இதைக் கேட்க மாட்டார்கள்.